சூசை பிடுங்கிக் காட்டிய கம்பி

சூசை இறந்துபோனதைச் சுவரொட்டி பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். தண்டையார்பேட்டையில் நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியின் பின்மதிலில் ஒட்டியிருந்தார்கள். மூலையில் தபால்தலை அளவுக்குச் சூசை. நடுவில், கைகூப்பியபடி, ஒரு காலத்தில் அவருக்கு வேலை கொடுத்த கான்ட்ராக்டர்.

உங்களில் பலர் அவரை மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைப்பவராகத்தான் அறிவீர்கள். அதற்கு முன் அவர், தோண்டிய பள்ளத்தின் பக்கம் சரியாமல் பிடிக்கும் ஆங்கர் கம்பிகளை மண்ணுக்குள் இறக்கும் இயந்திரத்தை ஓட்டியவர். காய்ந்த கடல்மணலில் விரலை விட்டு எடுத்துப் பாருங்கள், குழி சரிந்து மூடிக்கொள்ளும். விரலை எடுக்காமலே விட்டுவிட்டால்? அதுதான் அந்த ஆங்கர். நடுவில் துளையுள்ள இரும்புக் கம்பி தானே குடைந்துகொண்டு போகும். துளை வழியே சிமென்ட் பால் பாயும். கம்பி உள்ளேயே தங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். வெளியே தெரிவது ஒரு தகடும் ஒரு நட்டும்தான்.

பள்ளிக்குப் பின்னால் கிடங்கு கட்ட இருபதடி ஆழம் தோண்டினார்கள். பள்ளத்தின் விளிம்பில் எங்கள் ஐந்தாம் வகுப்பு. பிள்ளைகளுக்குக் கழிப்பறை கட்டித் தருவதாகக் கான்ட்ராக்டர் சொன்னார்; பள்ளம் தோண்டுவதில் பள்ளிக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

ஒரு மதியம் சிமென்ட் படிந்த சட்டையோடு சூசை வந்தார்.

"சார், அஞ்சாங்கிளாஸ் பசங்கள முன்னாடி ரூமுக்கு மாத்து."

"இன்ஜினீயர் நேற்றுத்தான் எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார், சூசை."

"அவுரு பிளேட்ட எண்ணினாரு. பிளேட்டு கீது. அடி வரிசைல பிளேட்டுக்குப் பின்னால கம்பிதான் இல்ல."

அவர் விடுப்பில் இருந்த நாளில் கம்பி மண்ணுக்குள் புதைந்திருந்த பழைய இடிபாட்டில் முட்டி நின்றிருக்கிறது. கைநீளத் துண்டுகளைச் செருகி, சிமென்ட் பூசி, தகடு மாட்டிவிட்டார்கள். கூலித் தகராறில் பேசுகிறார் என்று நினைத்தேன். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டேன். மறுநாள் காலையும் பிள்ளைகள் அந்த அறையில்தான் உட்கார்ந்தார்கள்.

இன்ஜினீயர் வந்ததும் சூசை நட்டில் ஸ்பேனரை மாட்டித் திருகினார். நட்டு இறுகவில்லை, கம்பியும் சேர்ந்து சுழன்றது. இரண்டு கையாலும் இழுத்தார். வந்துவிட்டது.

"முள்ளங்கி சார்" என்றார்.

கான்ட்ராக்டர் பல்லைக் கடித்தார். "உன் வயித்துல நீயே மண்ண போட்டுக்கினியே, சூசை."

"என் வயித்துலதான நைனா. பசங்க தலைல இல்லியே."

அப்போதுதான் ஓடிப்போய் வகுப்பைக் காலி செய்தேன். அந்த வரிசை முழுவதையும் சூசையே மறுபடி இறக்கினார். துளை வாயில் சிமென்ட் பால் திரும்பி வழியும்வரை எந்தக் கம்பியையும் விடவில்லை. வேலை முடிந்த அன்றே அவரை நிறுத்திவிட்டார்கள். பிறகு எந்தக் கான்ட்ராக்டரும் அவரைக் கூப்பிடவில்லை.

கழிப்பறைத் திறப்பு விழாவில் கான்ட்ராக்டருக்குப் பொன்னாடை போர்த்தியது நான்தான். சூசைக்காக யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னொரு நாள் டீக்கடையில் அதை அவரிடம் சொல்லித் தலைகுனிந்தேன். "வுடு சார். கக்கூஸயாவது ஒயுங்கா கட்னானா?" என்று சிரித்தார்.

பிடுங்கிய துண்டைக் கழுவி என்னிடம் தந்திருந்தார். "பசங்களுக்குக் காட்டு சார்." ஓய்வு பெறும்வரை காட்டவில்லை. கழிப்பறைச் சுவரில் கான்ட்ராக்டர் பெயர் இருந்தது.

சுவரொட்டியை ஈரத்துணியால் ஊறவைத்துக் கிழித்தேன். மூலையில் சூசையை மட்டும் விட்டுவைத்தேன். இரும்புத் துண்டு என் மேசையில் இருக்கிறது. கை நீளம், தகடும் நட்டும் அப்படியே. திங்கட்கிழமை ஐந்தாம் வகுப்புக்கு அதை எடுத்துப் போகிறேன். நான் எழுதிக் கொடுத்த கடிதத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.