'வீடு'க்கு முன்னாடி அரை செகண்டு

பொறாமைதான். நாலு பேரு கண்டுபிடிச்சு சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிக்கினா கொஞ்சம் மரியாதையாவாவது இருக்கும்.

ஒரு சனிக்கிழம சாயங்காலம், ஷிப்ட் முடிச்சு கும்மிடிப்பூண்டிலேர்ந்து பொன்னேரிக்கு ரயில்ல வந்துக்கினு இருக்கேன். போன்ல வரிசையா எட்டு பாட்டு வந்து விழுது. அனுப்பினது எங்க பழைய ஆர்மோனியக்காரரு. அவரும் நானும் ஒரே கம்பெனி. அவரு லேத்துல இருந்தாரு, நான் எலக்ட்ரீஷியன். இப்ப ரிட்டையர் ஆயி திருப்பாச்சூர்ல இருக்காரு. பாட்டுக்குக் கீழ ஒரு வாய்ஸ் மெசேஜ்.

"நம்ம நாடகத்துப் பாட்டு மொத்தமும் ரெக்கார்டு பண்ணிட்டோம்யா. இப்ப நடிக்கறவங்களே பாடினது. பழைய மெட்டு தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான் பாக்கி. கேட்டுட்டு எது சரி, எது சரியில்லன்னு சொல்லு. நீ சரின்னாதான் வெளிய உடுவோம்."

ஜட்ஜு வேலை. எனக்கு. அதுவும் எந்தப் பாட்டுக்குன்னு பாருங்க.

இருவது வருஷத்துக்கு மேல ஆவுது. ஆயுத பூஜைக்கு கம்பெனில போட்ட நாடகம் அது. கதை, பாட்டு, மெட்டு எல்லாம் ஆர்மோனியக்காரரு. கல்யாணமாகி வந்த பொண்ணு மாமியாரோட சண்டை போட்டுக்கினு துணிப்பையோட கிளம்பி சோழவரம் ஏரிக்கரை மேல நடந்து போறா. அம்மா ஊட்டுக்குப் போனா அங்க அண்ணிக்காரி வாசல்லயே நிக்கறா. அந்தப் பொண்ணு நான்தான். கம்பெனில பொம்பளைங்க இருந்தாங்க, ஆனா மேடை ஏற அவங்க ஊட்டுல உடல. எனக்கு அப்ப மெலிசு குரலு. மீசைய எடுன்னாங்க, எடுத்தேன். முந்தானைய இடுப்புல செருகிக்கினு நான் ஏரிக்கரைப் பாட்டு பாடினா கேண்டீன் அக்காங்க கண்ணத் தொடைப்பாங்க. மொத்தம் ஒம்போது தடவ போட்டோம். அப்புறம் ஷிப்ட்டு மாத்தினாங்க, ஆளுக்கு ஒரு நேரம் ஆச்சு, நாடகம் நின்னுடுச்சு.

அந்த ஒம்போதுல ஒண்ணுகூட ரெக்கார்டு ஆவல. ஒருத்தன் டேப்ரெக்கார்டரக் கொண்டாந்து ஸ்பீக்கர் பாக்ஸு மேலயே வச்சான். வீட்ல போட்டுப் பாத்தா, அட, இன்னைக்கும் வீடுன்னு எழுதறேன் பாருங்க, ஊட்ல போட்டுப் பாத்தா இரைச்சல்தான் இருந்திச்சு. ஆக என் குரல் எங்கயும் இல்ல. போட்டோ ரெண்டு இருக்கு, அதுல நான் வாயத் தொறந்துக்கினு இருக்கேன். அவ்ளோதான்.

போன வருஷம் ஆர்மோனியக்காரரு திருவள்ளூர்ல ஆளு சேத்து அந்த நாடகத்த மறுபடியும் போட்டாரு. கல்யாண மண்டபத்துல. கூப்பிட்டாரு. எனக்கு ஷிப்ட்டுன்னு பொய் சொன்னேன். அன்னைக்கு எனக்கு லீவு. ஊட்ல ஃபேன் ரிப்பேர் பாத்துக்கினு இருந்தேன். என் பொண்டாட்டி, "ஓடற ஃபேன எதுக்கு கயட்டினு கீற?"ன்னா.

அதனால இப்ப என் வேஷம் கட்டற பொண்ணோட குரல நான் மொதல்ல கேட்டது அந்த ரயில்லதான். இயர்போன் மாட்டி முதல் பாட்டப் போட்டேன். மீஞ்சூர் பக்கம் போறவங்க கூட்டம் நெருக்கித் தள்ளுது, எனக்கு ஒண்ணும் தெரியல. நல்லாப் பாடுறா. அதுதான் பேஜாரு. சுமாராப் பாடியிருந்தா நானே தட்டிக்குடுத்து, "பரவால்லம்மா, பழகினா வந்துடும்"னு பெரிய மனுஷனா ஆயிருப்பேன்.

ஞாயித்துக்கிழம காலைல நாஷ்டா முடிச்சு, ஒரு பழைய காலண்டர் தாளக் கிழிச்சு, பின்பக்கம் பென்சில்ல குத்தம் எழுத உக்காந்தேன். முதல் பாட்டு: மூச்சு இழுக்கறது கேக்குது. ரெண்டாவது: ரொம்ப இனிப்பு, மாமியார்கிட்ட சண்டை போடறவ இப்டியா குழைவா? மூணாவது: தபேலா குரல அமுக்குது. இதுல தபேலாவுக்கு அவ இன்னா பண்ணுவா? எழுதினேன். என் பொண்டாட்டி அரிசி களைஞ்சிக்கினே கேட்டுக்கினு இருந்தா. "நல்லாதான கீது"ன்னா. "உனக்கு இன்னா தெரியும்?"னு கத்தினேன். அவ அரிசித் தண்ணிய சிங்க்ல ஊத்திட்டு உள்ள போயிட்டா.

நாலாவது ஏரிக்கரைப் பாட்டு. பல்லவி இதுதான்:

எந்த வீடு என் வீடு,
எடுத்துச் சொல்ல யாரு?

அவ 'எந்த'ன்னா. நிறுத்தினா. அப்புறம்தான் 'வீடு'ன்னா.

பென்சில் கையில அப்டியே நின்னுடுச்சு. திரும்பப் போட்டேன். எந்த. நிறுத்தம். வீடு. ஏழு தடவ போட்டுட்டேன்.

அந்த நிறுத்தத்தோட கதை ஒலகத்துல எனக்கு மட்டும்தான் தெரியும். எங்க பக்கத்துல யாரு வீடுன்றாங்க? ஊடுதான். ஊட்டுக்குப் போறேன், ஊட்டாண்ட வா, அந்த ஊட்டுப் பொண்ணு. ஆனா ஆர்மோனியக்காரருக்கு மேடைத் தமிழு சுத்தமா இருக்கணும். முதல் ஒத்திகையில நான் 'எந்த ஊடு என் ஊடு'ன்னு உருகிப் பாடினேன். இருந்த பத்து பேரும் வயித்தப் புடிச்சிக்கினு சிரிச்சாங்க. அவரு ஆர்மோனியத்த மூடிட்டாரு. "அழுவற எடத்துல சிரிப்பு வருதுய்யா. வீன்னு சொல்லு, வீ." ராத்திரி பகலா வீ வீன்னு சொல்லிப் பாத்தேன். வரும், ஆனா பாட்டோட ஓட்டத்துல நாக்கு ஊன்னு போயிடும். கடைசில ஒரு வழி கண்டுபிடிச்சேன். 'எந்த'ன்னுட்டு நிறுத்திடறது. கீழ் உதட்டப் பல்லுல வச்சி, மனசுல ஒரு தடவ வீன்னு சொல்லிக்கினு, அப்புறம் பாடறது. அரை செகண்டு ஆவும். அந்தப் பாட்டுல வீடு வர எடத்துல எல்லாம் அப்டித்தான் தப்பிச்சேன். கீழ உக்காந்து கேட்டவங்க, தொண்டை அடைச்சுக்கிச்சு, பாவம்னு நெனச்சாங்க. கேண்டீன் அக்காங்க அழுததே அந்த எடத்துலதான். நான் யாருகிட்டயும் வாயத் தொறக்கல.

ஆர்மோனியக்காரருக்குப் போன் அடிச்சேன். "நாலாவது பாட்டுல ஏன் அங்க நிக்குது?"

"நீதான நிறுத்துவ," ன்னாரு. "அதுதான் மெட்டு. அவளுக்கு அப்டியே சொல்லிக்குடுத்தேன். ஏன், நிறுத்தினது பத்தலயா?"

அந்தாளு போட்ட உத்தரவுக்கு பயந்து நான் பண்ண வேலை அது. அதையே மெட்டுன்றாரு. போன வச்சிட்டேன்.

அவரே திரும்பக் கூப்பிட்டு அடுத்த ஞாயித்துக்கிழம திருவள்ளூருக்கு வரச் சொன்னாரு, எதுத்தாப்ல உக்காந்து பேசி முடிச்சிடலாம்னு. பெரியபாளையம் வழியா பஸ்ஸு. காலண்டர் தாள மடிச்சு சட்டைப் பாக்கெட்ல வச்சிக்கினேன். ஸ்டுடியோன்னா ஒரு செல்போன் கடைக்கு மேல சின்ன ரூமு, செவுத்துல முட்டை அட்டை மாதிரி பஞ்சு ஒட்டி இருக்காங்க. ஆர்மோனியக்காரரு, கம்ப்யூட்டர் முன்னாடி ஒரு சவுண்டு ஆளு, அந்தப் பொண்ணு. திருநெல்வேலிப் பக்கத்துப் பொண்ணு. இங்க ஒரு கம்பெனில குவாலிட்டி செக்கிங், லேடீஸ் ஹாஸ்டல்ல இருக்கா. எழுந்து நின்னா.

"அண்ணே, நல்லா இல்லன்னா சொல்லிருங்க. திரும்பப் பாடிருதேன்."

அவ்ளோ பணிவா சொல்றா. எனக்கு அதுவும் புடிக்கல. திமிரா இருந்திருந்தா எவ்ளோ வசதியா இருந்திருக்கும்.

நான் தாள எடுக்கறதுக்குள்ள சவுண்டு ஆளு முந்திக்கினாரு. "சார், ஒரு டவுட்டு. நாலாவது பாட்டுல இந்த எடம்," னு ஸ்கிரீன்ல காட்டினாரு. பாட்டு மேடும் பள்ளமுமா ஓடுது, நடுவுல ஒரு கோடு மட்டும் சப்பையா கெடக்குது. "இங்க அரை செகண்டு காலி. தாளத்துல இடிக்குது. பாட்டு ஃபுல்லா இதே மாதிரி நாலு எடம். கேக்கறவங்க தப்புன்னு நினைப்பாங்க. நான் இழுத்து ஒட்டிடறேன், யாருக்கும் தெரியாது. நீங்க சரின்னா போதும்."

மூணு பேரும் என்னயே பாக்கறாங்க.

அந்த நேரத்துல என் புத்தி போன போக்கச் சொல்லிடறேன். ஒட்டச் சொன்னா அவ பாட்டு சாதாரணப் பாட்டா ஆயிடும். ஏழு தடவ கேட்டவன் நான், அந்தப் பாட்டோட உசுரு அந்த எடம்தான்னு எனக்குத் தெரியும். "ஆமா, தப்புதான், எடுத்துடு"ன்னு ரெண்டு வார்த்த சொன்னா முடிஞ்சுது. பொய்யும் இல்ல. தப்புதான் அது. என் தப்பு. ஆனா அத எடுத்துட்டா நான் பாடினதுக்கு அடையாளம்னு எதுவும் மிஞ்சாது. அந்த எட்டு பாட்டுல என்னோடதுன்னு இருக்கறது அந்த சப்பைக் கோடு ஒண்ணுதான். வச்சா அவளுக்குப் பேரு. எடுத்தா எனக்கு ஒண்ணுமே இல்ல.

"எடுக்காத," ன்னேன். "அப்டியே இருக்கட்டும். ஒண்ணையும் தொடாத."

"அப்ப எல்லாம் ஓகேவா?"ன்னாரு ஆர்மோனியக்காரரு.

"தபேலாவக் கொஞ்சம் கொறச்சுக்கோங்க." காலண்டர் தாளு பாக்கெட்லயே இருந்திச்சு.

டீ குடிக்கக் கீழ எறங்கினோம். அந்தப் பொண்ணு பக்கத்துல வந்து நின்னா. "ரொம்ப தேங்க்ஸ்ணே. அந்த இடத்த எடுத்திருவாங்கன்னு பயந்துட்டேன். நீங்க அங்க நிறுத்தும்போது மனசுல என்ன நெனச்சுக்குவீங்க?"

வீன்னு நெனச்சுக்குவேன்னு சொல்லவா முடியும்?

"ஒண்ணும் இல்லம்மா. தானா வரும்."

"எனக்கு ஹாஸ்டலுக்கு வந்த மொத நாளு ஞாபகம் வந்திரும். வீடுங்கற வார்த்தையவே சொல்ல முடியாது. நிறுத்தலன்னா அழுதிருவேன்."

அவளுக்கு வீடுன்னு சொல்றது தண்ணி குடிக்கற மாதிரி. பொறந்ததுலேர்ந்து அப்டியே சொல்றவ. அவளுக்கு அந்த நிறுத்தமே தேவையில்ல. ஆனா தேவைய அவளே உண்டாக்கிக்கினா. நாக்கு கோணிக்கும்னு நான் நின்ன எடத்துல அவ நிஜமா நிக்கறா. எனக்கு வயிறு எரிஞ்சுது. டீ ஆறிப்போச்சு, கீழ ஊத்திட்டேன்.

பாட்டு வெளிய வந்துச்சு. ஏரிக்கரைப் பாட்டு நல்லாவே ஓடுது. எங்க கம்பெனி வரைக்கும் வந்துடுச்சு. ஒருநாள் மத்தியான சாப்பாட்டுக்கு உக்காந்திருக்கோம், எங்க ஷிப்ட் இன்சார்ஜு போன்ல அத வச்சாரு. கம்பெனிக்கு வந்து அஞ்சு வருஷம்தான் ஆவுது, பழைய கதை ஒண்ணும் தெரியாது. "இந்த எடத்துல நிறுத்தறா பாருங்க. இதெல்லாம் சொல்லிக்குடுத்து வராது. உள்ள இருக்கணும்," ன்னாரு.

எனக்கு அடக்க முடியல. "அத நான்தான் சார் மொதல்ல பாடினேன். இந்த கேண்டீன்லதான்."

மேசையில இருந்த ஆறு பேரும் என்னப் பாத்தாங்க. தலை நரைச்சு, தொப்பையோட, கையில தயிர் சாதம். யாரு நம்புவாங்க?

"அப்டியா? பாடுங்க பாப்போம்," ன்னாரு.

கைய கழுவிக்கினு வந்து நின்னேன். இருவது வருஷம் ஆச்சே, உதட்டப் பல்லுல வைக்கணும்ன்ற ஞாபகமே வரல. கண்ண மூடிக்கினு அவங்க எல்லாரையும் அழ வைக்கணும்னு எடுத்தேன்.

"எந்த ஊடு என் ஊடு..."

சிரிப்பு அந்த மேசையிலேர்ந்து கெளம்பி கேண்டீன் பூரா போச்சு. இன்சார்ஜு சிரிக்கல, நல்ல மனுஷன். என் தோள்ல கைய வச்சாரு.

"குரல் நல்லாதான்ணா இருக்கு. அந்த எடத்துல மட்டும் அந்தப் பொண்ணு மாதிரி கொஞ்சம் நிறுத்திப் பாருங்க. வந்துடும்."

நிறுத்திப் பாத்தேன். வந்துடுச்சு.