கழற்றிய பாகத்துக்கு ஒரு துளை

அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு உடன் வேலை செய்பவர்கள் வைத்த பெயர் திருகாணி. இருபத்தாறு வருடத்தில் ஒரு திருகாணியைக்கூடத் தொலைத்ததில்லை என்று பெருமையடித்துக்கொள்வார். கழற்றியதையெல்லாம் அட்டையில் குத்தி, எது எந்த ஓட்டைக்கு என்று பக்கத்தில் எழுதியும் வைப்பார். அவருக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. புதுப் பாகத்தை மாட்டி, லிஃப்ட் ஒருமுறை மேலே போய்க் கீழே வந்துவிட்டால் போதும், பழைய பாகத்தை அங்கேயே அறுத்தோ துளைபோட்டோ பாழாக்கிவிடுவார். தேய்ந்த பாகத்தை யாராவது தெரியாமல் எடுத்து வேறொரு லிஃப்டில் மாட்டினால் உயிர் போகும். தொழிலில் அது நல்ல வழக்கம்தான். வீட்டில்தான் வம்பாகிவிட்டது.

அவர் மனைவி, பார்வையில்லாத மாணவர்களுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்து லேப்டாப்பில் பதிவுசெய்து கொடுப்பவர். அந்த லேப்டாப்போ, பட்டனை அமுக்கிவிட்டுப் போய்த் தலைவாரிப் பின்னிக்கொண்டு வந்தாலும் விழித்திருக்காது. போதாக்குறைக்கு உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க் டிக் டிக்கென்று சத்தம் போடத் தொடங்கி, அது பதிவிலும் விழுந்தது. பதினான்கு அத்தியாய வரலாற்றுப் புத்தகத்தில் ஒன்பது முடிந்திருந்தன. பரீட்சைக்குள் மாணவர்கள் படிக்க வேண்டுமென்றால், இன்னும் பத்து நாளில் முழுப் புத்தகமும் அவர்களின் விடுதிக்குப் போயாக வேண்டும்.

கடையில் கொடுத்து மாற்றிவிடலாம் என்றார் மனைவி. திருகாணிக்கு ரோஷம் வந்துவிட்டது. பத்து மாடிக்கு ஆளை ஏற்றி இறக்குகிறவனுக்கு ஒரு டிஸ்க் மாற்றத் தெரியாதா என்று எஸ்.எஸ்.டி என்கிற புதுவகை டிஸ்க் ஒன்றை வாங்கிவந்தார். சீட்டுக்கட்டு அளவுகூட கனமில்லை. உள்ளே சுற்றுகிற பாகமே கிடையாது என்று கடைக்காரர் சொன்னதை அவர் அரைமனதாகத்தான் நம்பினார்.

ஞாயிறு காலை வேலை தொடங்கியது. புது டிரைவைக் கேபிளில் கோத்து, பழையதில் இருப்பதை அதற்கு நகலெடுக்க வைத்தார். எதெதை நகலெடுக்க என்று கேட்டுத் திரையில் பழைய டிஸ்கின் பகுதிகளைக் காட்டும் நாலைந்து கட்டங்கள் வந்தன. விண்டோஸ் என்று எழுதியிருந்ததில் டிக் அடித்தார். மற்றதெல்லாம் ஏதோ உதிரி என்று நினைத்துக்கொண்டார். நகல் முடிந்ததும் லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பின்மூடியைத் திறந்து, முதல் வேலையாக பேட்டரி ஒயரைக் கழற்றினார். பழையதை உருவினார், அதன் தகட்டுச் சட்டத்தைப் புதியதில் பூட்டினார், நேராகப் பிடித்து உள்ளே தள்ளினார். பேட்டரி ஒயரை மறக்காமல் மாட்டிவிட்டு மூடினார். பதினோரு திருகாணிகளும் அட்டையிலிருந்து அதது இடத்துக்குத் திரும்பின.

பட்டனை அமுக்கியதுதான் தாமதம், திரை வந்துவிட்டது. எல்லாம் போட்டது போட்டபடி இருந்தது. பதிவுகளைத் திறக்கும் ‘பாடங்கள்’ என்ற சின்னப் படமும் அதே மூலையில் உட்கார்ந்திருந்தது. மனைவி குழந்தைபோல் கைதட்டினார். திருகாணிக்குத் தலைகால் புரியவில்லை. பழைய டிஸ்கை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். டிரில்லை வைத்து நடுவில் ஒரு துளை போட்டார். யோசித்தெல்லாம் செய்யவில்லை, கை பாட்டுக்குச் செய்தது.

திரும்பி வந்தபோது மனைவி ‘பாடங்கள்’ மேல் மூன்றாவது முறையாகத் தட்டிக்கொண்டிருந்தார். அது திறக்கவில்லை. அது வெறும் வழிகாட்டிப் படம்தான். பதிவுகள் இருந்ததோ, உதிரி என்று அவர் விட்டுவிட்ட ஒரு கட்டத்தில்.

“பரவாயில்லைங்க. பழசு இருக்குல்ல, அதுலேருந்து எடுத்துக்கலாம்” என்றார் மனைவி.

திருகாணி கையிலிருந்ததை மேசைமேல் வைத்தார். துளை வழியே மேசைவிரிப்பின் பச்சை தெரிந்தது.

நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். மனைவி எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்து, மைக்கை எடுத்துவைத்து, முதல் அத்தியாயத்தின் முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கினார். முன்பு முடித்த புத்தகங்கள் எல்லாம் விடுதியில் பத்திரமாக இருந்தன. போனது இந்த வரலாறு மட்டும்தான். ஆறாம் நாள், எட்டாவது அத்தியாயத்துக்கு வந்தபோது மனைவிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

திருகாணி லீவு சொல்லிவிட்டு மைக் முன் உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அவர் விரித்துப் படித்ததெல்லாம் லிஃப்ட் கையேடுகள்தான். ராஜாக்களின் பெயர்கள் பல்லில் சிக்கின. வாக்கியத்துக்கு வாக்கியம் மூச்சு வாங்கினார். வருடம் ஏதாவது வந்துவிட்டால் தப்பாகிவிடுமோ என்று பயந்து இரண்டு முறை வாசித்தார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பேனா முனையால் வரியைக் காட்டிக்கொண்டே இருந்தார். எப்படியோ பத்தாம் நாள் மதியம் பதினான்காவது அத்தியாயமும் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தது. இந்த லட்சணத்தைக் கேட்டுப் பிள்ளைகள் என்ன நினைப்பார்களோ என்று அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து விடுதியிலிருந்து ஒரு மாணவி போன் செய்தாள். குரல் இன்னும் திரும்பாததால் மனைவி ஸ்பீக்கரில் போட்டு அவர் பக்கம் நீட்டினார்.

“கடைசி ஏழு பாடம் நீங்களா அங்கிள் படிச்சீங்க?”

ஆமாம், ஆன்ட்டிக்குத் தொண்டை சரியில்லை, மன்னித்துக்கொள் என்று இழுத்தார் திருகாணி.

“ஆன்ட்டி ரொம்ப நல்லா படிப்பாங்க. ஆனா நாங்க பிரெயில்ல குத்திக் குறிப்பெடுக்கிறதுக்குள்ள அடுத்த வரிக்குப் போயிடுவாங்க, நிறுத்தி நிறுத்திக் கேக்கணும். உங்களை ஒரு தடவைகூட நிறுத்தவே இல்லை. அடுத்த புத்தகமும் நீங்களே படிக்கிறீங்களா?”

திருகாணி பயத்தோடு மனைவியின் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் சத்தமில்லாமல் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“படிக்கிறேம்மா” என்றார். “ஆனா தனியா வராது. ஆன்ட்டியும் பக்கத்துல உக்காரணும்.”