திராபியாவுக்குப் போகிற நூற்றுப்பதின்மூன்றாம் தெரு

இத்தாலியில், பாலெர்மோவிலிருந்து கடலோரமாய் மெசினாவுக்குப் போகிற அரசாங்கத் தெருவுக்கு நூற்றுப்பதின்மூன்று என்று பெயர். இலக்கம் வாசிக்க எனக்குத் தெரியும். எழுத்துத்தான் கொஞ்சம் பின்னடிக்கும். ஆனபடியால் பலகைகளை நான் பார்ப்பதில்லை. நான் வேலை செய்த வீட்டு எசமானி, சிஞ்ஞோராவுக்குத் திராபியாவில் கடற்கரை வீடு. வியாழன்தோறும் பஸ் ஏறிப் போய் அதைக் கூட்டித் துடைத்தவள் நான். அந்தத் தெருவில் நான் அறியாத சந்தி கிடையாது.

தொண்ணூறுகளின் நடுவில் சிஞ்ஞோராவின் சாரதி வேலையை விட்டுப் போனார். என் மருமகனுக்கோ வேலை இல்லை. வேலை ஒப்பந்தம் இல்லாவிட்டால் இங்கே இருப்பதற்கான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க மாட்டார்கள். சிஞ்ஞோரா தன் காரைத் திராபியாவுக்கு ஒருதரம் அவர் ஓட்டிக் காட்டட்டும், பிறகு பார்ப்போம் என்றார். சிஞ்ஞோரா பின்சீட்டில் ஏறினார். பாதை காட்ட நான் முன் சீட்டில் ஏறினேன். என்னை ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை.

பிரான்காச்சோ தாண்ட வில்லாபாத்தே சந்தி. மலைப்பக்கம் போகிற தெரு அங்கேதான் பிரியும்.

"தம்பி, இஞ்சை ஊருக்குள்ள திருப்புங்கோ."

"மாமி, பலகையில நேரை போகச் சொல்லிக் கிடக்கு."

"பலகை கனக்கச் சொல்லும். நீங்கள் திருப்புங்கோ."

ஊருக்குள் போய், கோயிலைச் சுற்றி, புறப்பட்ட சந்திக்கே வந்து சேர்ந்தோம். பிக்காராத்சியிலும் அப்படியே. பகேரியாவில் ரயில் நிலைய வாசலில் காரை நிற்பாட்டச் சொன்னேன்.

"ஏன் மாமி நிக்கிறம்?"

"இதிலை கொஞ்ச நேரம் நிக்கிறது வழக்கம்."

"ஆருக்காக?"

"ஆக்கள் ஏறுறதுக்கு."

அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். "மாமி, இது பஸ் ஓடுற பாதை."

"பஸ்ஸும் திராபியாவுக்குத்தானே போகுது."

"என்ர பெர்மெஸ்ஸோ இதிலையே இறங்கிப் போகுது, மாமி."

பின்சீட்டில் சிஞ்ஞோரா விசிறியை மடக்கிய சத்தம் கேட்டது. காஸ்தெல்தாச்சா சந்தியில் நான் கையைக் காட்டினேன். மருமகன் காணாதவர் போல நேரே விட்டார். எனக்குத் தெரிந்த ஓர் ஊர் என்னை விசாரிக்காமல் கடந்து போனது அன்றைக்குத்தான். பிறகு அல்தாவில்லாச் சந்தி, அதற்குப் பிறகு கடல், திராபியா.

வீட்டு வாசலில் சிஞ்ஞோரா மருமகனைத் தனியே கூப்பிட்டுக் கதைத்தார். திங்கட்கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பாராம். ஆனால் இனிமேல் இந்த அம்மா காரில் ஏறக்கூடாதாம். எனக்கு இத்தாலியன் எழுதத்தான் வராது, காதில் விழுந்தால் விளங்கும்.

"என்னவாம் தம்பி?"

"வேலை சரி, மாமி. நீங்கள் காரில வந்தால் களைச்சுப் போவியளாம். பஸ்தான் உங்களுக்குச் சுகமாம்."

"ஓம், அவவுக்கு என்னிலை சரியான பட்சம்" என்று சொல்லிவிட்டு, யன்னல்களைத் திறக்க உள்ளே போனேன்.