நான் பழசாக்கிய குளம்

திருகோணமலைக்காரன் ஒருவன் ஓய்வு நாளில் கடலைப் பார்க்காமல் குழியைப் பார்க்கப் போனால் அவனுடைய புத்தியைச் சந்தேகிக்க வேண்டும் என்பது என் மனைவியின் கருத்து. ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டுக் குசினி வாசலில் நின்றாலே துறைமுகம் தெரியும். ஊர் உலகமெல்லாம் வந்து பார்த்துப் பெருமூச்சு விடுகிற காட்சி. நானோ அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஞாயிறு காலைகளில் சைக்கிளை உருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

குளம் பார்க்கப் போவதாகத்தான் வெளியே சொல்வது. எல்லாக் குளமும் எனக்குச் சரிவராது. மனிதன் ஏதோ தொழிலுக்காகத் தோண்டி, தொழில் முடிந்ததும் மறந்துபோக, மழை வந்து நிரப்பிய பள்ளங்கள்தான் எனக்குப் பிடித்தவை. கல்லுடைத்த குழியில் நிற்கும் தண்ணீர் பாசிப்பச்சையாய், அடி தெரியாமல் இருக்கும். எண்ணெய் சேமித்து வைக்கும் குதங்களுக்குக் கீழே கிடந்த ஒரு குட்டையில் மழை விட்டதும் வானவில் நிறத்தில் படலம் மிதக்கும். அதில் தவளை கத்தி நான் கேட்டதில்லை. குச்சவெளிப் பக்கம் கைவிட்ட உப்புப் பாத்திகளில் கொக்குகள் கந்தோர் உத்தியோகத்தர்களைப் போல, வேலை செய்வதான பாவனையில் நிற்கும். இதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். நிறைய வாசித்தவன் என்று கந்தோரில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. வாசிப்பு கூடினால் ஆள் எழுதத் தொடங்குவான் என்ற ஆபத்தைப் பற்றி யாரும் என்னை எச்சரிக்கவில்லை.

அறுபதுகளில் ஒரு வறட்சிக் காலம். சீனன்குடா தாண்டி, பற்றைக்காட்டுக்குள் ஒரு பெரிய குளத்தைக் கண்டேன். நாலு பக்கமும் நூல் பிடித்தாற்போல நேராக வெட்டப்பட்டிருந்தது. நடுத்தண்ணீரில் மூன்று மண்மேடுகள், ஒரே உயரத்தில், உச்சி தட்டையாக, புல் முளைத்து நின்றன. நீராழி மண்டபத்தின் அடித்தளம் என்று மனம் உடனே முடிவு கட்டிவிட்டது. மனத்துக்கு அப்போது வயது முப்பது; சாட்சியம் கேட்கிற பழக்கம் வரவில்லை.

சாட்சியம் சொல்ல ஆள் கரையிலேயே இருந்தார். கிண்ணியாக்காரர், ஐம்பதை நெருங்கியவர். கிழக்குக் கரையில் ஒரு குடிலைப் போட்டுக்கொண்டு, அவரும் மனைவியுமாகக் குளத்துக் களியை வெட்டிச் செங்கல் அறுத்துச் சூளை வைத்திருந்தார்கள். சுற்றுவட்டாரத்தில் களியும் தண்ணீரும் விறகும் ஒரே இடத்தில் கிடைப்பது அங்கே மட்டும்தான் என்றார். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் 'காக்கா' என்போம்; அப்படிக் கூப்பிட்டு, மேடுகளைக் காட்டிக் கேட்டேன்.

"காக்கா, அது என்ன, பழைய கட்டடமோ?"

அவர் சிரித்தார். "கட்டடமோ? நாங்க விட்ட மண்ணு ஐயா அது. யுத்தத்துக்குள்ள வெள்ளைக்காரன் ஏரோப்பிளேன் இறக்கக் களம் கட்டினானே, அதுக்கு இதிலயிருந்துதான் மண்ணு போன. நானும் வெட்டினனான்."

"அப்ப ஏன் நடுவில விட்டீங்க?"

"எத்தினை அடி வெட்டினதெண்டு பாக்கிறதுக்கு. முந்தி நிலம் எந்த உயரத்தில நிண்டதெண்டு மேட்டைப் பாத்தாத் தெரியுந்தானே? அளந்து முடிச்சாப் பிறகுதான் அதையும் வெட்டிறது. இதுக்கு அளக்க வரவேண்டிய துரை கப்பல் ஏறிட்டார். மேடு நிண்டுட்டு."

இதைவிடத் தெளிவாக ஒரு பேராசிரியரும் எனக்கு எதையும் விளக்கியதில்லை. பிளேன்டீயும் தந்தார், குடித்தேன். பிறகு வீட்டுக்கு வந்து, அவர் சொன்ன எதையும் சேர்க்காமல் ஒரு கட்டுரை எழுதினேன்.

காரணம் எளிது. மண் எடுத்த பள்ளத்துக்கு எந்தப் பத்திரிகையும் ஞாயிறு மலரில் இடம் தராது. மறக்கப்பட்ட தடாகம் என்றால் அரைப்பக்கம் தரும். எந்த அரசன் வெட்டியது என்று மட்டும் நான் எழுதவில்லை. அது என் நேர்மை என்று அப்போது நினைத்தேன். வாசித்தவர்கள் அவரவருக்குப் பிடித்த அரசனை அவரவரே வைத்துக்கொண்டார்கள். கந்தோரில் பியோன்கூட என்னை 'ஆராய்ச்சி ஐயா' என்றான். மனைவி மட்டும் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "எங்கட கிணறும் கொஞ்சம் பழசுதான். எழுதிப்போடாதேங்கோ, பிறகு நான் எங்க தண்ணி அள்ளுறது?" என்றாள்.

அவளுடைய பகிடி இரண்டு மாதத்தில் ஜீப்பில் வந்து இறங்கியது. கொழும்பில் பழைய இடங்களைப் பாதுகாக்கிற ஓர் அலுவலகம். அதிலிருந்து ஓர் அதிகாரி. கட்டுரையை யாரோ அவருக்கு மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல மனிதர், மெலிந்தவர், வெயில் தொப்பி போட்டவர். தமிழ் தெரியாது. அரசாங்கம் ஆங்கிலத்தை முன்வாசலால் அனுப்பிவிட்டிருந்த காலம் அது. நாங்கள் இருவரும் அதைப் பின்வாசலால் கூப்பிட்டுப் பேசிக்கொண்டோம். என்னை ஜீப்பில் ஏற்றிக் குளத்துக்குக் கூட்டிப்போனார். வழியெல்லாம் என் கட்டுரையைப் புகழ்ந்தார். அந்தப் புகழ்ச்சி முடியுமுன்பே குளத்தங்கரை வந்துவிட்டது.

செங்கல்காரர் வெட்டிய களியைக் காலால் மிதித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் நிறுத்திவிட்டு வந்தார். அந்த நிலம் அரசாங்க நிலம். அவர் கையில் ஒரு துண்டுக் கடுதாசி கிடையாது. அது வெறும் பள்ளமாக இருக்கும் வரைதான் அவர் அங்கே இருக்கலாம். இது எனக்குத் தெரியும். அதிகாரிக்கும் தெரியும். செங்கல்காரருக்கும் நன்றாகவே தெரிந்திருந்தது. அதனால்தான் கேள்வி கேட்குமுன்பே ஈரக்கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு நேராக நின்றார்.

இந்த மேடுகளைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று கேட்கும்படி அதிகாரி என்னிடம் சொன்னார். கேட்டேன்.

"இது நாங்க வெட்டின பள்ளம் ஐயா," என்றார் அவர், ஒவ்வொரு சொல்லாக. "யுத்த நேரம் வெட்டினது. மேடு அளக்கிறதுக்கு விட்டது. அண்டைக்கு உங்களுக்கும் சொன்னனானே. துரையிட்ட அப்பிடியே சொல்லுங்க."

நான் அதிகாரியின் பக்கம் திரும்பினேன். அந்தத் திரும்புதலுக்கு இரண்டு விநாடி எடுத்திருக்கும். அதற்குள் கந்தோர் முழுவதும், பியோன் உட்பட, என்னைப் பார்த்துச் சிரிப்பதை மனக்கண்ணில் பார்த்துவிட்டேன். பிறகு என் வாய் ஆங்கிலத்தில் சொன்னது இது: தனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து குளம் இங்கேயே இருக்கிறதாம், மிகவும் பழையதாம்.

அதிகாரி குறித்துக்கொண்டார். செங்கல்காரர் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் ஒரு மேட்டின் மேலிருந்த நீர்க்காகத்தை மிகுந்த அக்கறையோடு பார்த்தேன். சற்று நேரம் அப்படியே நின்றுவிட்டு, அவர் களியை மிதிக்கப் போய்விட்டார்.

அடுத்த மாதம் முள்ளுக்கம்பி அடித்தார்கள். பலகையும் வந்தது: புராதன தடாகம், மண் எடுப்பது குற்றம். சூளையில் பாதி வெந்த கல் அப்படியே கிடந்தது. குடிலைப் பிரித்துக்கொண்டு அவர்கள் போன நாளில் நான் கந்தோரில் இருந்தேன். வேறு எங்கே இருப்பேன்?

சில கிழமைகளுக்குப் பிறகு, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறிக் கிண்ணியாவுக்குப் போய் அவரைத் தேடிப் பிடித்தேன். இன்னொருவருடைய சூளையில் கூலிக்குக் கல் அடுக்கிக்கொண்டிருந்தார். என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துப் போனவன், "காக்கா, அண்டைக்கு நான் சரியாச் சொல்லேல்லை," என்று முடித்துக்கொண்டேன். அது கூட முழு உண்மையில்லை.

"தெரியும் ஐயா. வெயிலுக்க நிக்காதீங்க, இஞ்சால வாங்க," என்றார்.

"தெரியுமோ?"

"நாலு வருசம் துரைமாரோட மண்ணு வெட்டினவன் நான். 'டிக்' எண்டா வெட்டிறது, 'ஓல்ட்' எண்டா பழசு. இதுகூடத் தெரியாமலா எனக்கு? நான் சொன்னதில பழசெண்ட கதையே இல்ல. உங்கட கதையில வெட்டினதே இல்ல."

"அப்பவே அவருக்குச் சொல்லியிருக்கலாமே, காக்கா."

"சொல்லியிருக்கலாம். துரைக்கு முன்னால உங்களப் பொய்யனாக்க வேணுமே. நீங்களாத் திருத்திச் சொல்லுவீங்க எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்."

அவர் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் எதிர்த்துப் பேச எனக்கு ஏதாவது அகப்பட்டிருக்கும். ஒன்று மட்டும் கேட்டார்: அந்த அலுவலகத்துக்கு உண்மையை எழுதிப் போடும்படி. கம்பியை எடுத்தால் சூளையைத் திரும்பக் கட்டிக்கொள்ளலாம் என்றார். எழுதுகிறேன் என்றேன்.

இரண்டு வருடம் எழுதினேன். முதல் நகலில் 'மேலதிக ஆய்வுகள் வேறு முடிவுகளுக்கும் இடமளிக்கின்றன' என்றிருந்தது. இரண்டாவதில் வாய்மொழிச் சான்றுகளின் நம்பகம் பற்றி ஒரு பக்கம். மூன்றாவதில் நான் எழுதியது பிழை என்பதை, அதை யார் எழுதினார் என்று தெரியாத விதமாக எழுதியிருந்தேன். இடையில் எனக்கு ஒரு பதவி உயர்வு வேறு வர இருந்தது. அதைக் காரணமாகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் காரணம் அதுதான். கிழித்துப் போட்ட தாள்களைக் கூட்டி அள்ளிக்கொண்டே மனைவி சொன்னாள்: "பள்ளம் எண்டு எழுத இவ்வளவு பேப்பர் வேணுமே? அந்த மனிசன் ஒரு வரியில சொன்னதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

கடைசியில் பதவி உயர்வு வந்த பிறகு, ஒரு பக்கத்தில் எழுதிப் போட்டேன். யுத்தகாலப் பள்ளம். தோண்டியவரே சொன்னார். நான் மாற்றிச் சொன்னேன். தைரியம் செலவில்லாத பிறகுதான் எனக்கு அது வந்தது.

பதில் வந்ததும் மறுபடி பாதை ஏறினேன். அவர் அதே சூளையில்தான் இருந்தார். தலையில் சும்மாடு, அதன்மேல் கல். உறையைக் கண்டதும் கல்லை இறக்கிவிட்டுக் கிட்ட வந்தார். நான் கடிதத்தை விரித்து, தமிழில் சொல்லத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"முதல்ல இங்கிலீசில வாசிங்க ஐயா. பிறகு தமிழில சொல்லுங்க."

மரியாதையாகத்தான் கேட்டார். நான் ஆங்கிலத்தில் வாசித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக எதையும் வாசித்ததில்லை. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தமிழில் சொன்னேன்: தங்கள் கடிதம் கோப்பில் சேர்க்கப்பட்டது. அவ்விடத்தில் ஆட்சேபம் தெரிவிப்பவர்கள் இப்போது எவரும் இல்லாதபடியால், மேற்கொண்டு நடவடிக்கை அவசியமில்லை.

"நான் இருக்கிறனே," என்றார் அவர்.

நான் அதை அவரிடம் நீட்டினேன். கடிதத்தை வாங்கி, எழுத்தைப் படிக்கத் தெரியாவிட்டாலும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இங்கிலீசில வாசிச்சதும் தமிழில சொன்னதும் ஒண்டுதான். இந்த முறை சரியாச் சொன்னீங்க," என்று சொல்லித் திருப்பித் தந்துவிட்டு, குனிந்து கல்லைத் தூக்கினார்.