பேருந்தில் ஊதிய பலூன்கள்

என் மகள் கவிதா எந்நேரமும் வாயால்தான் மூச்சு விடுவாள். மூச்சுத் தசைகளின் பலத்தைப் பார்க்க ஈப்போ மருத்துவமனைக்கு வரச் சொன்னார்கள். ஆறாம் ஆண்டுப் பரீட்சையில் தோற்று, அதோடு பள்ளியை விட்டவள் நான். என்னைப் போல இவளும் இந்தச் சோதனையில் தோற்றுவிடக் கூடாதே என்று, எங்கள் ஊர் பீடோரில் பஸ் ஏறியதுமே, ஊதிப் பழகட்டும் என்று பலூன்களைக் கொடுத்து ஊத வைத்தேன்.

"மா, தலை சுத்துது மா."

"இன்னும் ஒண்ணு லா, கண்ணு."

மருத்துவமனையில் அவள் மூக்கில் கிளிப் மாட்டி, ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். கருவியின் முள் கொஞ்சம்தான் நகர்ந்தது. பதறிப்போய், சோதித்த பெண்ணிடம் பலூன் கதையைச் சொன்னேன்.

"ஐயோ அக்கா, இதுல பாஸ், பெயில் எல்லாம் இல்ல லா. களைச்சுப் போயிருப்பா. சாப்பிட வச்சு, தூங்க வச்சு மதியமா கூட்டிட்டு வாங்க."

கவிதா வாய் திறந்தபடி என் மடியில் தூங்கினாள். தப்பு என்னுடையதுதான், அவள் உடம்பில் கோளாறு இல்லை என்பதே எனக்கு நிம்மதியாக இருந்தது.

மதியம் கழுத்து நரம்பு புடைக்க ஊதினாள். முள் பழைய இடத்திலேயே நின்றது.

"அப்போ பலூனால இல்லையா?"

"இல்லக்கா." அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எது நடந்தாலும் என் தப்போ என்று பயந்தே வாழ்ந்தவள் நான். அன்றுதான், என் தப்பாகவே இருக்கட்டும் என்று வேண்டினேன்.