எங்க ஓட்டு மீட்டருக்குத்தான்

பத்தொன்பது வருஷம் ஒரே கிளப்புக்கு ஆடியவர் அவர். அந்தப் பத்தொன்பது வருஷத்தில் அவர் கால் பட்டு வலைக்குள் போன பந்துகள் மொத்தம் மூன்று. அந்த மூன்றில் ஊருக்கு நன்றாக நினைவிருப்பது ஒன்றுதான். அது தன் பக்கத்து வலைக்குள்ளேயே போனது.

வார நாட்களில் அவர் குடிநீர் வாரியத்தில் மீட்டர் பார்ப்பவர். வீட்டு வாசலில் இருக்கும் இரும்பு மூடியைத் தூக்கி, எறும்பை ஊதித் தள்ளி, கண்ணாடியைத் துணியால் துடைத்து, உள்ளே ஓடும் எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போவார். சனிக்கிழமை மத்தியானம் கால்பந்து மைதானத்தில் இடது பக்கம் நின்று கோல் விழாமல் தடுக்கும் லெஃப்ட் பேக். ஊர் அவருக்கு 'மீட்டர்' என்று பெயர் வைத்துவிட்டது. பெற்ற தாயைத் தவிர எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். கோபம் வந்தால் மனைவியும்.

அந்த கோல் விழுந்தபோது அவருக்கு இருபத்துநாலு வயது. கல்யாணமாகி ஆறு மாதம். சீசனின் கடைசி ஆட்டம். டிரா செய்தாலே போதும், கிளப் முதல் பிரிவில் தங்கிவிடும். ஆறு நிமிஷம் பாக்கி. எதிரணிக்கு ஒரு கார்னர் கிடைத்தது. பந்து வளைந்து வர, பின்னாலிருந்து கோல் கீப்பர் "விட்டிடு!" என்று கத்தினார். மீட்டரின் காதில் "வெட்டிடு!" என்று விழுந்தது. வெட்டினார். பந்து முழங்காலுக்குக் கீழே பட்டு, கீப்பரின் தலைக்கு மேலாக, யாரோ கையால் கொண்டுபோய் வைத்ததுபோல வலைக்குள் இறங்கியது.

ஒரே ஒரு எழுத்து. முப்பத்தொரு வருஷமாக முதல் பிரிவில் இருந்த கிளப் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் வீட்டுச் சன்னலைக்கூடத் திறக்கவில்லை. திங்கட்கிழமைதான் பெரிய கண்டம். அந்த வாரம் அவர் கணக்கெடுக்க வேண்டியது மைதானத்தைச் சுற்றியுள்ள ஒன்பது தெருக்கள். கேலரியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்ட அத்தனை பேரின் வீடும் அந்த ஒன்பது தெருவில்தான் இருந்தது.

"லீவு போட்டுடலாமான்னு பாக்கறேன்," என்றார் மனைவியிடம்.

மனைவிக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. பந்து உருண்டையானது என்பதைத் தவிர அந்த விளையாட்டைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது. ஜடையைப் பின்னிக்கொண்டே சொன்னாள்: "போடுங்க. இன்னைக்குப் போடுங்க, நாளைக்கும் போடுங்க. தெரு எங்கயாவது எழுந்து போயிடுமா? அங்கயேதான் இருக்கும்."

"உனக்கென்ன, கண்ணாடிக் கடையில நிழல்ல உக்காந்திருப்ப."

"எனக்கு மட்டும் சும்மாவா? 'உங்க வீட்டுக்காரருக்கு முதல்ல ஒரு கண்ணாடி போட்டு விடும்மா'ன்னு நாலு பேராவது வந்து சொல்லுவாங்க. நான் போகத்தான போறேன்?"

நோட்டையும் துணியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

முதல் தெருவில் முதல் கடை சலூன். சலூன்காரர் கிளப்பின் ஒரு ஆட்டத்தையும் தவறவிடாதவர், அப்பா இறந்த வாரத்தில்கூட. மீட்டர் மூடியைத் தூக்கக் குனிந்ததும், நுரை தடவிய முகத்தோடு ஒருவரை நாற்காலியில் அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தார். கையில் கத்தரி.

"நல்லா கேட்டுக்க. நம்ம டீம் திரும்ப மேல ஏறுற வரைக்கும் உன் தலையில என் கத்தரி படாது."

"சரிண்ணே," என்றார் மீட்டர், எண்ணை எழுதிக்கொண்டே.

"என்ன சரிண்ணே?"

"நீங்க சொல்றது நியாயம்தானேண்ணே."

சலூன்காரர் கத்தரியால் இரண்டு தடவை காற்றை வெட்டினார். உள்ளே போய்விட்டார்.

அந்த வாரம் ஒன்பது தெருவிலும் வாசலுக்கு வாசல் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஒருவர் கையைப் பிடித்து அழுதார். ஒரு பாட்டு டீச்சர், "காதுல குறைன்னா டாக்டரைப் பாக்கறதுதானே?" என்றார். சிலர் உள்ளே விளக்கு எரிய, பாத்திரம் உருள, கதவை மட்டும் சாத்திக்கொண்டார்கள். தண்ணீர் மீட்டர் கதவுக்கு உள்ளே இருக்கும் வீடுகள் அவை. அந்த வீடுகளுக்கு நேரே நோட்டில் 'பூட்டியிருக்கிறது' என்று எழுதினார்.

மூன்று மாதம் இப்படியே போனது. வாரியத்து மேலதிகாரி கூப்பிட்டு அனுப்பினார்.

"என்னப்பா, இந்த ஒரே தெருவுல ஏழு வீடு மூணு மாசமா பூட்டியிருக்கு? எல்லாரும் சேந்து ஊரைவிட்டுப் போயிட்டாங்களா?"

"உள்ள ஆளுங்க இருக்காங்க சார். பூட்டு எனக்கு மட்டும்தான்."

அதிகாரிக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வேணும்னா வேற ஏரியா மாத்தித் தரட்டுமா?" என்றார்.

மீட்டர் யோசித்தார். மாற்றிக்கொண்டால் அந்த ஏழு கதவும் எப்போதுமே திறக்காமல் போய்விடும் என்று தோன்றியது. "வேண்டாம் சார், இருக்கட்டும்," என்றார்.

முதலில் திறந்தது லேத் பட்டறைக்காரரின் கதவு. கால் விழுந்துபோய் வீட்டோடு இருந்தவர். ஆட்டத்தை ரேடியோவில்கூடக் கேட்க முடியாது, இரண்டாம் பிரிவு ஆட்டத்தை எந்த ரேடியோ சொல்லும்? ஐந்து மாதம் வைராக்கியமாக இருந்தார். ஆறாவது மாதம் மீட்டர் கதவைத் தட்டியதும் உள்ளிருந்து குரல் வந்தது: "சனிக்கிழமை பெனால்ட்டி குடுத்தாங்களாமே, யாரு மேல தப்பு?"

"என் மேலதாங்க."

"அதான பாத்தேன். உள்ள வா."

உள்ளே போனார். தரையில் தீப்பெட்டியும் மாத்திரை டப்பாக்களும் ஆட்டக்காரர்களாக நின்றன. எதிரணியின் ஃபார்வர்ட் எப்படி உள்ளே புகுந்தான், தான் எங்கே அசந்துபோனோம் என்று நகர்த்திக் காட்டினார். பட்டறைக்காரர் ஒரு டப்பாவை அரை அடி பின்னால் தள்ளி வைத்து, "இங்க நின்னிருந்தா?" என்றார். அடுத்த ஆட்டத்தில் மீட்டர் அங்கே நின்றார். கோல் விழவில்லை.

திட்டுவதற்கும் ஒரு அளவு உண்டல்லவா? கொஞ்சம் கொஞ்சமாகத் திட்டு குறைந்து கேள்வி கூடியது. போன ஆட்டத்தில் ஏன் அப்படி? வருகிற ஆட்டத்தில் யார் யார்? புது கீப்பர் எப்படி? கோல் அடித்த ஆட்டக்காரர்களை ஊர் தூரத்திலிருந்து பார்த்தது. பதில் சொல்ல மாதம் ஒருமுறை வாசலுக்கு வந்தவர் இவர் ஒருவர்தான்.

இதற்குள் கிளப்பில் பாதிப் பேர் போய்விட்டிருந்தார்கள். கொக்கு போனார். நெட்டைக் காலும் நீண்ட கழுத்துமாக, கிளப்புக்கு நூற்றுப் பன்னிரண்டு கோல் அடித்தவர். பெருநகரத்துக் கிளப் ஒன்று வந்து அள்ளிக்கொண்டு போனது. நீ மட்டும் ஏன் போகவில்லை என்று கேட்டால், மீட்டர் ஒளிக்காமல் சொல்வார்: "என்னை யாரு கூப்பிட்டா?"

பிறகு ஒருமுறை கூப்பிடவும் செய்தார்கள். பக்கத்து ஊர் கிளப். ஆனால் அவர்களுக்குப் பயிற்சி வியாழக்கிழமை. வியாழக்கிழமை மீட்டருக்கு மேட்டுத் தெருப் பக்கம் கணக்கெடுப்பு, முடிக்கவே இருட்டிவிடும். முடியாது என்றார். இது ஊருக்குள் எப்படியோ பரவி, 'மீட்டர் தாய் வீட்டை விட்டு வர மாட்டேன்னு சொல்லிட்டாராம்' என்று ஆகிவிட்டது. அவர் மறுத்து மறுத்துப் பார்த்தார். தன்னடக்கம் என்று அதையும் சேர்த்துப் புகழ்ந்தார்கள்.

இரண்டு வருஷம் கழித்து கிளப் மறுபடி முதல் பிரிவுக்கு ஏறியது. அதுவரை மீட்டர் வேறு சலூனுக்குப் போகவில்லை. முடி தோள்வரை வளர்ந்து, ரப்பர் பேண்டால் கட்டிக்கொண்டுதான் ஆடினார். ஏறிய மறுநாள் காலை சலூன்காரரே வீட்டு வாசலில் வந்து நின்றார். "கிளம்பு, கடையைத் திறந்து வெச்சிட்டு வந்திருக்கேன்." முக்கால் மணி நேரம் வெட்டினார். வெளியே சன்னலோரம் ஒரு கூட்டம் நின்று வேடிக்கை பார்த்தது. அன்றிலிருந்து இருவரும் சிநேகிதர்கள்.

கிளப்புக்கு ஐம்பதாவது வருஷம் வந்தபோது மீட்டருக்கு முப்பத்தொன்பது வயது. அதுதான் கடைசி சீசன் என்று சொல்லிவிட்டிருந்தார். கிழக்குப் பக்கம் புதுசாகக் கட்டிய சிமெண்ட் கேலரிக்கு ஒரு ஆட்டக்காரரின் பெயரை வைப்பதென்று கமிட்டி முடிவு செய்தது. செயலாளர் மருந்துக்கடைக்காரர். அவர் கடையின் பின்னறையில், இருமல் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் கூட்டம். சலூன்காரர் இருந்தார். அதிக ஆட்டம் ஆடியவர் என்ற முறையில் மீட்டரும் இருந்தார்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? கொக்கு," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"கொக்குக்கு பேப்பர்ல போட்டோ இருக்கு, வீடு நிறையக் கோப்பை இருக்கு," என்றார் சலூன்காரர். "தோத்து ரெண்டாம் நாள் காலைல ஊருக்கு முன்னாடி வந்து நின்னானே, அவனுக்கு என்ன இருக்கு?"

"அண்ணே, அது என் டியூட்டி. வரலேன்னா மெமோ குடுத்திருப்பாங்க," என்றார் மீட்டர்.

"நீ சும்மா இரு. உன்னைப் பத்திப் பேசும்போது நீ குறுக்க பேசக் கூடாது."

"நான் கமிட்டி மெம்பர்ண்ணே, பேசுவேன். கோல் போடறவன்தான் கோல் போடறவன். நான் பத்தொம்பது வருஷம் ஓடித் தடுத்ததை அவன் ஒரு சீசன்ல தாண்டிட்டான். வெளியூர்ல நம்ம கிளப் பேரைச் சொன்னா, 'ஓ, கொக்கு ஆடின கிளப்பா?'ன்னு கேக்கறாங்க. என் பேரைச் சொன்னா 'எந்த மீட்டர், கரண்ட்டா தண்ணியா?'ன்னு கேப்பாங்க."

அவர் மனதார நம்பித்தான் சொன்னார். கொக்கு பந்தை வாங்கித் திரும்பும் அழகைப் பின்னாலிருந்து பார்ப்பதற்காகவே இன்னும் பத்து வருஷம் ஆடியிருக்கலாம் என்று அவருக்கு இன்றைக்கும் எண்ணம் உண்டு.

பேச்சு முடிவதாக இல்லை. கடைசியில் ஊரே சொல்லட்டும் என்று மருந்துக்கடை மேசையில் ஒரு பெட்டி வைத்தார்கள். இரண்டு வாரம் சீட்டுகள் விழுந்தன. எண்ணினால் நானூற்றெண்பத்தாறு. கொக்குக்கு இருநூற்றெழுபத்தொன்று. மீட்டருக்கு நூற்று நாற்பத்தொன்பது. மிச்சம் பழைய கீப்பர்கள், கோச்சுகள், ஒரு சீட்டில் நடுவரைப் பற்றி எழுதக் கூடாத ஒரு வார்த்தை.

சலூன்காரர் அன்றைக்குக் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டார். மீட்டரோ நிம்மதியாக வீட்டுக்குப் போனார். நூற்று நாற்பத்தொன்பது பேர் என்பது அவர் கனவிலும் எதிர்பார்க்காத எண்.

திறப்பு விழாவுக்குக் கொக்கு வந்தார். தொப்பை போட்டிருந்தது, கழுத்து மட்டும் பழையபடியே நீளம். ரிப்பன் வெட்டி முடித்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மீட்டரின் தோளில் கை போட்டார். "டேய் மீட்டர், இந்த ஊர்ல எனக்குன்னு ஒரு வீடு இல்ல, ஒரு சொந்தக்காரன் இல்ல. இனிமே வந்தா உக்கார ஒரு இடம் இருக்குடா."  தாங்கள் செய்தது சரிதான் என்று மீட்டருக்கு அப்போது உறுதியானது.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். திங்கட்கிழமை வழக்கம்போல ஒன்பது தெருவுக்கும் கிளம்பினார். முதல் வீட்டு அம்மா மூடியைத் தூக்கவே விடவில்லை.

"தம்பி, எங்க வீட்டு ஓட்டு மூணும் உங்களுக்குத்தான். யாரு மாத்திப் போட்டாங்கன்னே தெரியல."

அடுத்த வீட்டிலும் அதே. அதற்கடுத்த வீட்டில் மாமியார், மருமகள் இருவரும் தனித்தனியாக வந்து சொன்னார்கள். பேக்கரிக்காரர் சத்தியமே செய்தார். "எங்க ஓட்டு மீட்டருக்குத்தான்" என்பதை அன்று தெரு முழுக்கக் கேட்டார். முதலில் தலையாட்டி நன்றி சொன்னவர், பிறகு மனதுக்குள் எண்ண ஆரம்பித்தார். அந்த வாரம் முடிவதற்குள் அறுநூற்றுப் பதினெட்டு.

சனிக்கிழமை சாயங்காலம் மனைவியிடம் சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"பெட்டியில விழுந்ததே நானூத்திச் சொச்சம். உங்களுக்குப் போட்டவங்க மட்டும் அறுநூத்திப் பதினெட்டா?"

"ஒருத்தர்கூடக் கொக்குக்குப் போடலியாம்."

"பாவம், எதுக்கு இப்படிப் பொய் சொல்றாங்க?"

"என் மூஞ்சிக்கு நேரா சொல்ல மனசு வரல போல."

 அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்தது. ஒருகாலத்தில் வாசலுக்கு வாசல் முகத்துக்கு நேராகத் திட்டிய ஜனங்கள் அவர்கள்.

"சரி, நீ யாருக்குப் போட்ட?" என்று விளையாட்டாகக் கேட்டார்.

மனைவி ஒரு சட்டையை எடுத்து உதறி மடித்தாள். "கொக்குக்கு."

"என்னது?"

"ஆமா. கேலரின்னா என்ன? ஊரே ஏறி உக்கார்ற இடம். உங்க பேரு மேல ஊர்ல இருக்கறவன் எல்லாம் செருப்புக் காலோட ஏறி உக்காரணுமா? அதான், அந்தக் கொக்கு மேலயே உக்காரட்டும்னு போட்டேன்."

மீட்டர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அந்த நானூற்றெண்பத்தாறில் தனக்குப் போடவில்லை என்று ஒப்புக்கொண்ட ஒரே ஆள் தன் வீட்டிலேயே இருப்பதை மறுநாள் சலூன்காரரிடம் சொல்ல, அவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

அந்த சீசனோடு ஆட்டத்தை நிறுத்திவிட்டார். வேலை தொடர்கிறது. இப்போது லெஃப்ட் பேக்காக ஆடுபவர் வேறொருவர், எங்கோ வெளியூரிலிருந்து வந்து போகிறவர். ஆனாலும் சனிக்கிழமை கிளப் தோற்றால், திங்கட்கிழமை காலை தெருவில் கதவுகள் திறந்து, ஆடாத மனிதரிடம்தான் ஊர் நியாயம் கேட்கிறது. "ஏன் தோத்தீங்க?" என்கிறார்கள். "நான் எங்கங்க ஆடினேன்?" என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. மூடியை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, துணியால் கையைத் துடைத்துக்கொண்டு, "அது என்ன ஆச்சுன்னா..." என்று ஆரம்பிக்கிறார்.