ஓடுபாதைப் புல்லில் ஒரு பெரட்டு

எண்பதுகளின் தொடக்கத்தில், இலங்கை மலைநாட்டில் பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வீட்டு வேலைக்காக அரபு நாட்டுக்குப் புறப்பட்டோம். பண்டாரவளையில் பஸ் ஏறும்போது பக்கத்து லயத்து வரிசை வீட்டுப் பெண்ணின் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவளப் பாத்துக்கம்மா" என்றார். கைக்குழந்தையை அந்தத் தாயிடம் விட்டுவிட்டு வந்தவள் அவள். வழி நெடுக ஒரு வாய் சோறு தொடவில்லை.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நாங்கள் ஏறியது நாலு என்ஜின் வைத்த பழைய ஜெட் விமானம். எனக்கு இறக்கையோரம் ஜன்னல் சீட். அவளுக்கு நாலைந்து வரிசை பின்னால். என் பக்கத்தில் இருந்தவர் பதுளை முஸ்லிம் கடைக்காரர் ஒருவரின் மகன். அரபு நாட்டில் விமானம் பழுது பார்க்கும் வேலையாம். நான் என்ஜினையே வெறித்துப் பார்ப்பதைக் கண்டு அவராகவே விளக்கினார். அதன் முன்பக்கம் பெரிய காற்றாடி இருக்கும்; அது இழுக்கும் காற்றில் ஒரு பங்கு உள்ளே போய் எண்ணெயை எரிக்கும், மற்றது நெருப்பைத் தொடாமல் சுற்றி வந்து விமானத்தைத் தள்ளும். ஜெட் என்ஜினுக்குக் காற்றாடி வைத்த முதல் வகைகளில் இதுவும் ஒன்று என்றார். தேயிலை ஆலையில் கொழுந்து வாட்டும் மாடியில் காற்றாடிச் சத்தத்தோடே காலம் தள்ளியவள் நான்; பாதி பயம் போய்விட்டது.

போன பயம் உடனே திரும்பி வந்தது. ஓடுபாதையில் வேகமெடுத்தபோது வெடி போட்ட மாதிரி ஒரு சத்தம். ஜன்னலுக்கு வெளியே தீ. விமானம் குலுங்கி நிற்க, உள்ளே புகை பரவியது. அவசரக் கதவில் விரித்த சறுக்கு வழியாக ஒருவர் மேல் ஒருவர் விழுந்து இறங்கினோம். காற்றாடிக்குள் பறவை போய்த் தகடு முறிந்ததென்று பிறகு சொன்னார்கள்.

புல்தரையில் ஒரே அழுகை. எல்லோரும் இறங்கியாயிற்று என்றுதான் விமானச் சிப்பந்திகள் நினைத்தார்கள். அப்போது எங்களோடு வந்த கங்காணி வீட்டுப் பெண் அதட்டினாள்.

"அழுவுறத அப்பறம் அழுவலாம். பெரட்டுக்கு நில்லுங்க. பேரு கூப்பிட்டா கொரல் குடுங்க."

தோட்டத்தில் விடியற்காலைக் குளிரில் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவார்களே, அந்தப் பெரட்டு எங்களில் யாருக்கும் பிடிக்காது. ஆனாலும் கால்கள் தாமாக வரிசைக்குப் போயின. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். கைக்குழந்தைக்காரியின் பெயருக்குக் குரல் வரவில்லை. மறுபடி கூப்பிட்டாள். அப்போதும் இல்லை. "அவ உள்ளுக்குத்தான் இருக்கா" என்று கத்தினேன்.

பதுளைக்காரர் தீயணைப்புக்காரர்களிடம் ஓடிச் சிங்களத்தில் சொன்னார். முகமூடி போட்ட இருவர் உள்ளே போய், சீட்டுகளுக்கு நடுவே மயங்கிக் கிடந்தவளைத் தூக்கி வந்தார்கள். தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். அவள் மெல்லக் கண் திறந்து, "புள்ள எங்கக்கா?" என்று கேட்டாள்.

அவள் ஊருக்கே திரும்பிவிட்டாள்; நான் வேறு விமானத்தில் போனேன். தோட்டத்தில் வேலை வாங்குவதற்காகத்தான் தினமும் எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். அன்று ஒருநாள், ஒருத்தியும் விட்டுப்போகக் கூடாது என்று எங்கள் பெயரை நாங்களே கூப்பிட்டுக்கொண்டோம்.